அளந்து ஊற்றுங்கள்
வீட்டில் விஸ்கி காக்டெயில் கலக்கத் தொடங்கியிருக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



வார இறுதியில் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கோலாவும் சோடாவும் ஊற்றிக் கொடுத்தது போதும், இனி ஓல்ட் ஃபேஷன்ட், மன்ஹாட்டன், விஸ்கி சவர் என்று முறையாகக் கலந்து கொடுப்போம் என முடிவெடுத்து, அதற்காக ஒரு ஷேக்கரும் நாலைந்து பாட்டில்களும் வாங்கி வைத்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். குடிக்காதவர்களைக் குடிக்கக் கூப்பிடும் கடிதம் அல்ல இது. அவர்கள் அப்படியே இருக்கட்டும், நல்லது. ஏற்கெனவே குடிக்கிறவர்கள் அந்த ஒரு கிளாஸை அக்கறையோடு செய்து குடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் கலக்கும் காக்டெயில் ருசிக்காமல் போனால் பழி பெரும்பாலும் விஸ்கி மேல் விழுகிறது. அடுத்த முறை இன்னும் விலை கூடின பாட்டில் வாங்குகிறோம், அதுவும் ருசிப்பதில்லை. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. கண் மதிப்பில் ஊற்றுவது, ஃப்ரீசர் வாடை ஏறிய ஐஸ், பாட்டிலில் அடைத்து விற்கும் எலுமிச்சைச் சாறு, மாதக்கணக்கில் அலமாரியில் நின்ற வெர்மூத் ஆகிய நான்கும்தான் பானத்தைக் கெடுக்கின்றன. நான்கையும் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு நல்ல பாட்டிலின் விலையில் கால்வாசிகூட வராது.

இந்தப் பானங்களின் பிறப்பிலேயே அளவும் தண்ணீரும் இருக்கின்றன. 1806 மே மாதம், நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு செய்தித்தாளில், காக்டெயில் என்றால் என்ன என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஆசிரியர் அளித்த பதிலில் நான்கு பொருள்கள் இருந்தன: ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் எனும் கசப்புச் சாரம். அவ்வளவுதான். பழச்சாறு இல்லை, சோடா இல்லை, குடை இல்லை. தண்ணீரை அவர் ஒரு பண்டமாகவே எண்ணிச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். இந்த நான்கையும் இன்றைக்கு ஒரு கிளாஸில் சேர்த்தால் ஓல்ட் ஃபேஷன்ட் கிடைக்கும்.

அந்தப் பெயர் பின்னால் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்க மதுக்கூடங்களில் காக்டெயிலுக்குள் குராசோ, அப்சிந்த், மராஸ்கினோ என்று வேறு மதுவகைகள் ஒவ்வொன்றாக நுழைந்தன. இதெல்லாம் வேண்டாம், பழைய முறையில் கொடு என்று கேட்டவர்களுக்குக் கிடைத்தது இந்தப் பானம். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் இருக்கும் பெண்டெனிஸ் கிளப்பில்தான் இது பிறந்தது என்று ஒரு கதை நெடுங்காலம் உலவியது. அந்தக் கிளப் தொடங்கியது 1881இல். அதற்கு முந்தைய ஆண்டே சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் இந்தப் பெயரில் காக்டெயிலைக் குறிப்பிட்டிருக்கிறது. ஆகவே கிளப்பின் உரிமைக்கோரிக்கை நிற்காது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஒருவர் கண்டுபிடித்தது என்பதைவிட, பலர் கேட்டுக் கேட்டு நிலைத்தது என்பது இந்தப் பானத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது.

1895இல் ஜார்ஜ் கப்பெலர் என்ற நியூயார்க் மதுக்கூடக்காரர் வெளியிட்ட புத்தகத்தில் இதன் செய்முறை தெளிவாக இருக்கிறது. சிறு சர்க்கரைக் கட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைக்க வேண்டும். அங்கோஸ்டூரா பிட்டர்ஸ், ஐஸ், ஒரு துண்டு எலுமிச்சைத் தோல், ஒரு அளவு விஸ்கி. கலக்கி, கரண்டியைக் கிளாஸிலேயே விட்டுக் கொடுக்க வேண்டும். நூற்று முப்பது ஆண்டுகளில் இதைவிட நல்ல முறையை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. இடையில் ஆரஞ்சுத் துண்டையும் சிவப்புச் சாயம் போட்ட செர்ரியையும் கிளாஸில் போட்டு நசுக்கி, மேலே சோடாவை நிரப்பும் பழக்கம் ஒன்று வந்தது. இன்றும் சில இடங்களில் அப்படித்தான் தருகிறார்கள். பழத்தின் வெள்ளைத் தோல் நசுங்கிக் கசப்பு இறங்கும், கிளாஸுக்குள் குப்பை மிதக்கும், விஸ்கி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். தயவுசெய்து நசுக்காதீர்கள்.

வீட்டில் செய்ய நான் சொல்லும் அளவு இது. பர்பன் அல்லது ரை விஸ்கி 60 மில்லி. இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று காய்ச்சிய பாகு 5 மில்லி. அங்கோஸ்டூரா பிட்டர்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து இரண்டு அல்லது மூன்று உதறு. கனமான அடிப்பாகம் உள்ள கிளாஸில் முதலில் பாகு, பிட்டர்ஸ், பிறகு விஸ்கி. பெரிய ஐஸ் கட்டி ஒன்றைப் போட்டு, அரை நிமிடமாவது நிதானமாகக் கலக்குங்கள். ஆரஞ்சுத் தோலைக் கட்டைவிரல் அகலத்துக்குச் சீவி, வெளிப்பக்கம் பானத்தைப் பார்த்தபடி மடித்துப் பிழியுங்கள். அப்போது தெறிக்கும் எண்ணெய்தான் முதல் வாசனை. தோலை உள்ளே போடலாம், போடாமலும் விடலாம்.

சர்க்கரையை ஏன் பாகாகச் சொல்கிறேன் என்றால், மதுவில் சர்க்கரை எளிதில் கரையாது. கட்டியைப் போட்டு எவ்வளவு குத்தினாலும் அடியில் மணல் மாதிரி தங்கிவிடும், முதல் வாய் காரமாகவும் கடைசி வாய் தித்திப்பாகவும் இருக்கும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரையில் பாகு காய்ச்சி வடிகட்டி வைத்துக்கொண்டால் பர்பனோடு அருமையாகச் சேர்கிறது. மேல்நாட்டில் டெமராரா சர்க்கரையை இதே காரணத்துக்காகத்தான் தேடிப் போகிறார்கள். காய்ச்சிய பாகு ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் தாராளமாக இருக்கும்.

பிட்டர்ஸ் என்பது ரசத்தில் பெருங்காயம் மாதிரி. தனியாகத் தெரியக்கூடாது, இல்லாவிட்டால் உடனே தெரியும். அந்தச் சின்ன பாட்டிலுக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. தென்னமெரிக்க விடுதலை வீரர் சிமோன் பொலிவாரின் படையில் மருத்துவராக இருந்த ஜெர்மானியர் யோஹான் சீகெர்ட், வெனிசுவேலாவின் அங்கோஸ்டூரா நகரில் 1824இல் வயிற்று மருந்தாகத் தயாரித்தது அது. அந்த ஊர் இப்போது சியுடாட் பொலிவார். 1870களில் தயாரிப்பு ட்ரினிடாட் தீவுக்குப் போய், இன்றுவரை அங்கேயே நடக்கிறது. பாட்டிலை விடப் பெரிய லேபிளை ஒட்டிய அதே தோற்றம். அதில் 44.7 சதவீதம் ஆல்கஹால் உண்டு. சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதால் அது கணக்கில் வராது, ஆனால் மதுவே ஆகாது என்பவருக்குக் கொடுக்கும் எலுமிச்சை சோடாவில் அதைத் தெரியாத்தனமாக உதறிவிடக் கூடாது.

இப்போது ஐஸுக்கு வருகிறேன். இந்த மடலை எழுதத் தூண்டியதே அதுதான்.

ஐஸ் குளிர்விப்பது உருகுவதால். ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி குறைக்க ஒரு கலோரியை எடுத்தால் போதும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது சுற்றிலுமிருந்து 80 கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. அதாவது கிளாஸில் நடக்கும் குளிர்ச்சியில் பெரும்பங்கு உருகலில் நடக்கிறது. உருகாமல் குளிர வேண்டும் என்று கேட்பது இயற்கைக்கு விரோதமானது. விஸ்கிக் கற்கள் என்று விற்கிறார்களே, ஃப்ரீசரில் வைத்து எடுத்துக் கிளாஸில் போடும் சதுரக் கற்கள், அவை இதனால்தான் பயன்படுவதில்லை. அவை உருகுவதில்லை, ஆகவே பெரிதாகக் குளிர்விப்பதும் இல்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

கலக்கும்போது சேரும் தண்ணீர் பானத்தைக் கெடுப்பதில்லை, பானத்தை முடிக்கிறது. 90 மில்லி மன்ஹாட்டனை ஐஸோடு அரை நிமிடம் கலக்கி வடித்தால் ஏறக்குறைய 120 மில்லி இருக்கும். அந்த 30 மில்லி தண்ணீர் இல்லாவிட்டால் நாக்கில் எரிச்சல் மட்டும் மிஞ்சும், வாசனைகள் விரியாது. மதுவின் உறைநிலை தண்ணீரைவிடக் கீழே இருப்பதால், ஐஸோடு சேர்ந்து கலங்கும் காக்டெயில் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே போகும். வெறும் தண்ணீரில் இது நடக்காது. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஊற்றுகிறவர்களுக்கு இந்தக் குளிரும் கிடைப்பதில்லை, இந்தத் தண்ணீரும் கிடைப்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் கலக்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் வீட்டு ஃப்ரீசரில் மீன் இருக்கும், துருவிய தேங்காய் இருக்கும், நேற்று அரைத்த மசாலா இருக்கும். திறந்த தட்டில் உறைந்த ஐஸ் இத்தனை வாடையையும் வாங்கிக்கொள்ளும். மூடியுள்ள தட்டு வாங்குங்கள். குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். உறைந்ததும் எடுத்துக் காற்றுப்புகாத பையில் கட்டி வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் கிடந்த ஐஸைத் தொட்டியில் கொட்டிவிடுங்கள்.

கண்ணாடிபோல் தெளிந்த ஐஸ் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் தெளியும் என்பார்கள், பெரும்பாலும் தெளியாது. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கேம்பர் இங்கிலிஷ் என்ற எழுத்தாளர் 2009 வாக்கில் எளிய வழியைச் சொன்னார். சிறிய ஐஸ் பெட்டியில் தண்ணீர் நிரப்பி, மூடியில்லாமல் ஃப்ரீசரில் வையுங்கள். பக்கங்களும் அடியும் குளிருக்கு மறைவாக இருப்பதால் தண்ணீர் மேலிருந்து கீழ்நோக்கி மட்டும் உறையும். காற்றும் கசடும் கீழே தள்ளப்பட்டுக்கொண்டே போகும். அடி உறைவதற்குள் வெளியே எடுத்தால் மேல்பகுதி முழுக்கத் தெளிந்திருக்கும். ரம்பப் பற்கள் உள்ள கத்தியை வைத்து மெதுவாகத் தட்டினால் கட்டிகளாக உடையும். தெளிவு அழகுக்குத்தான், ருசிக்கு அவ்வளவாக இல்லை. கட்டியின் அளவுதான் முக்கியம். பெரிய கட்டி மெதுவாக உருகும், குடித்து முடிக்கும்வரை பானம் நீர்த்துப்போகாது.

அளவுக்கு நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் லார்ஜ் என்று சொல்லும் 60 மில்லியும், ஸ்மால் என்று சொல்லும் 30 மில்லியும் அமெரிக்கச் செய்முறைகளில் வரும் இரண்டு அவுன்ஸ், ஒரு அவுன்ஸோடு கிட்டத்தட்ட அப்படியே பொருந்திவிடுகின்றன. வீட்டில் கிடக்கும் பெக் மெஷரை எடுத்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சிறிய அளவுகளுக்கு இருமல் மருந்தோடு வரும் கோடு போட்ட மூடிக் குவளையைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள், 5, 10 மில்லி எல்லாம் அதில் இருக்கும். நியூயார்க்கில் 1999 இறுதியில் சாஷா பெட்ராஸ்கி தொடங்கிய மில்க் அண்ட் ஹனி என்ற சின்ன மதுக்கூடம் இந்தக் கலையையே மறுபடி எழுப்பி நிறுத்தியது. ஒவ்வொரு துளியையும் அளந்து ஊற்றுவதும், நல்ல ஐஸும் அங்கே விதி. தொழில் தெரிந்தவர்களே அளந்துதான் ஊற்றினார்கள் என்றால் நாம் கண் மதிப்பில் ஊற்றுவது எப்படி நியாயம்?

மன்ஹாட்டனுக்கு ரை விஸ்கி 60, இனிப்பு வெர்மூத் 30, அங்கோஸ்டூரா இரண்டு உதறு. தனிப் பாத்திரத்தில் ஐஸ் நிரப்பிக் கலக்கி, ஃப்ரீசரில் குளிர வைத்த தண்டுள்ள கிளாஸில் வடித்து ஊற்ற வேண்டும். இதற்கும் ஒரு கட்டுக்கதை உண்டு. 1874இல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் கிளப்பில், வின்ஸ்டன் சர்ச்சிலின் தாயார் அரசியல்வாதி சாமுவேல் டில்டனுக்கு விருந்து கொடுத்தபோது பிறந்ததாம். அதே ஆண்டு நவம்பர் கடைசியில் அந்த அம்மையாருக்கு இங்கிலாந்தில் வின்ஸ்டன் பிறந்தார் என்பதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. அச்சில் இந்தப் பெயர் 1882இல் தென்படுகிறது, செய்முறை 1884இல் புத்தகத்தில் வருகிறது.

மன்ஹாட்டனைக் கெடுப்பது வெர்மூத். அது மூலிகை ஊறிய, சற்று வீரியம் கூட்டப்பட்ட ஒயின். விஸ்கியைப் போல வருடக்கணக்கில் அலமாரியில் நிற்காது. திறந்த நாளிலிருந்து காற்று அதைத் தின்னத் தொடங்கும். திறந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், சிறிய பாட்டிலாக வாங்குங்கள், ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதத்துக்குள் முடியுங்கள். எப்போது திறந்தது என்று பாட்டில் மேலேயே தேதி எழுதி ஒட்டுங்கள். மன்ஹாட்டன் பிடிக்காது என்கிறவர்களில் பலர் குடித்தது கெட்டுப்போன வெர்மூத்தை என்பது என் உறுதியான அபிப்பிராயம். செர்ரி போடுவதானால் கறுத்த நிறத்தில் கெட்டிப் பாகில் ஊறியதைப் போடுங்கள். கேக்குக்கு மேல் வைக்கும் சிவப்புச் செர்ரியைவிட ஒரு துண்டு எலுமிச்சைத் தோல் எவ்வளவோ மேல்.

ரைக்குப் பதில் ஸ்காட்ச் ஊற்றினால் அதுவே ராப் ராய். மன்ஹாட்டனில் வெர்மூத்தோடு கசப்பு மதுவான கம்பாரியும் சேர்த்தால் பூலவார்டியே. பாரிஸில் அந்தப் பெயரில் பத்திரிகை நடத்திய எர்ஸ்கின் க்வின் என்ற அமெரிக்கரோடு சேர்த்து 1927இல் மதுக்கூடக்காரர் ஹாரி மக்கெல்ஹோனின் புத்தகத்தில் அது வந்தது. ஒரு பானத்தைச் சரியாகக் கற்றுக்கொண்டால் அதன் உறவுக்காரர்கள் எல்லாம் தானாக வருவார்கள்.

நியூ ஆர்லியன்ஸின் சாஸரக்கை இங்கே சுருக்கமாகத்தான் சொல்லப்போகிறேன். ரை, சர்க்கரை, அந்நகரத்து மருந்துக்கடைக்காரர் அந்துவான் பெய்ஷோவின் பெயரால் வரும் பிட்டர்ஸ், அப்சிந்தால் உள்ளே நனைத்துக் கொட்டிய கிளாஸ், எலுமிச்சைத் தோல். கிளாஸில் ஐஸ் கிடையாது. 2008இல் லூசியானா சட்டமன்றம் அதை அந்நகரின் அதிகாரபூர்வக் காக்டெயில் என்று அறிவித்தது. அற்புதமான பானம், ஆனால் அப்சிந்துக்கும் தனி பிட்டர்ஸுக்கும் அலைய வேண்டும். ஒரு வருடம் கழித்துச் செய்து பார்க்கலாம்.

விஸ்கி சவர் வீட்டுக்கே உரியது, ஏனென்றால் எலுமிச்சை வீட்டில் இருக்கிறது. பர்பன் 60, எலுமிச்சைச் சாறு 20, சரிபாதிச் சர்க்கரையும் தண்ணீரும் கலந்த பாகு 20. ஐஸோடு பத்துப் பன்னிரண்டு விநாடி பலமாகக் குலுக்கி வடியுங்கள். குலுக்கும்போது தண்ணீர் அதிகமாகச் சேரும், 100 மில்லி 150ஐ நெருங்கும். காற்றும் உள்ளே புகுந்து நுரைக்கும். சாறு சேர்ந்த பானத்துக்கு அதுதான் வேண்டும். மதுவும் வெர்மூத்தும் மட்டும் உள்ள மன்ஹாட்டனைக் குலுக்கினால் கலங்கிப்போகும், அதற்குக் கரண்டிதான். சாறு உள்ளதைக் குலுக்கு, இல்லாததைக் கலக்கு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மேல்நாட்டுச் செய்முறைகள் எழுதப்பட்டது மஞ்சள் நிறப் பெரிய எலுமிச்சைக்கு. நம் சந்தையில் கிடைக்கும் சிறிய உருண்டைப் பழம் வேறு இனம், வாசனை இன்னும் கூர்மை. அதனால் 20க்குப் பதில் 15 மில்லியில் தொடங்கி, ருசி பார்த்து ஏற்றுங்கள். பிழிந்த சாறு சில மணி நேரத்தில் வாசனை மாறிவிடும், காலையில் பிழிந்து வைத்துக்கொண்டு மாலையில் கலக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பவர்கள் முதலில் ஐஸ் இல்லாமல் ஒரு முறை குலுக்கி நுரைக்க விட்டு, பிறகு ஐஸ் போட்டுக் குலுக்குங்கள். பச்சை முட்டையில் நோய்க்கிருமி இருக்கும் அபாயம் உண்டு. கர்ப்பிணிகளுக்கு இந்தப் பானமே கூடாது, முதியவர்களுக்கும் உடல் நலிந்தவர்களுக்கும் முட்டை இல்லாமல் செய்யுங்கள்.

சவர் என்றதும் டேவிட் எம்பரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் மதுக்கூடத்தில் ஒரு நாள்கூட வேலை பார்த்தவரில்லை. நியூயார்க்கில் வரி வழக்கறிஞர். வீட்டில் நண்பர்களுக்குக் கலந்து கொடுத்துப் பழகியதை வைத்து 1948இல் அவர் எழுதிய புத்தகம் இன்றும் தொழில்காரர்களின் அலமாரியில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான செய்முறைகளை மனப்பாடம் செய்யாதே, ஆறு பானங்களின் அமைப்பைப் புரிந்துகொள் என்பதே அவர் வழி. அந்த ஆறில் மன்ஹாட்டனும் ஓல்ட் ஃபேஷன்டும் உண்டு. சவர் வகைக்கு அவர் சொன்ன விகிதம் எட்டுப் பங்கு மது, இரண்டு பங்கு புளிப்பு, ஒரு பங்கு இனிப்பு. எனக்கு அது மிகவும் கடுமை. மதுவே மேலோங்கி நிற்கும். ஆனால் விகிதமாக யோசி என்ற அவருடைய பாடத்தை நான் விட்டதில்லை. வீட்டுக் கலைஞர்களான நமக்கு அவர்தான் முன்னோர்.

பழைய பானங்களோடு கதை முடிந்துவிடவில்லை என்பதற்கு ஒரு சாட்சி பெனிசிலின். 2005இல் அதே மில்க் அண்ட் ஹனியில் சாம் ராஸ் உருவாக்கியது. கலவை ஸ்காட்ச் 60, எலுமிச்சைச் சாறு 20, தேனும் இஞ்சிச் சாறும் கலந்த பாகு 20, குலுக்கி ஊற்றிய பின் புகைவாசனை உள்ள ஐலா தீவு ஸ்காட்ச் ஒரு கரண்டி மேலே மிதக்க விட வேண்டும். இஞ்சியைத் துருவி, துணியில் பிழிந்து, தெளிய வைத்து மேலாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மூக்கில் புகை, பிறகு நாக்கில் இஞ்சி. கடைசியில் தேன். இருபது ஆண்டுக்குள் உலகம் முழுக்கப் போனது ஆச்சரியமே இல்லை.

எந்த விஸ்கி என்று கேட்பீர்கள். பர்பன் என்றால் அமெரிக்காவில், குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் சேர்த்து, உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் வைத்தது. வனிலா, கருகிய சர்க்கரை வாசனை அந்தப் பீப்பாய் கொடுப்பது. அமெரிக்க ரை என்றால் குறைந்தது 51 சதவீதம் ரை தானியம், மிளகுக் காரம், இனிப்புக் குறைவு. ஒன்று மட்டும் வாங்க முடியும் என்றால் 45 சதவீதத்துக்கு மேல் வீரியமுள்ள பர்பன் வாங்குங்கள். ஐஸ் உருகினாலும் தாங்கும். நம் நாட்டில் விலை குறைவாக விற்கும் விஸ்கிகளில் பலவற்றில் கரும்புச் சர்க்கரைப் பாகுக் கழிவிலிருந்து வடித்த சாராயம் கலந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படிப்பட்டதை விஸ்கி என்று விற்க முடியாது. ஓல்ட் ஃபேஷன்டில் அந்தக் குறை ஒளிந்துகொள்ள இடமில்லை, சவரில் ஓரளவு மறையும். பெங்களூரின் அம்ருத், கோவாவின் பால் ஜான் போன்ற பார்லி மால்ட்கள் வேறு தரம், ராப் ராய்க்குத் தைரியமாக ஊற்றலாம். பன்னிரண்டு, பதினெட்டு வருடம் ஊறிய விலையுயர்ந்த பாட்டிலைக் காக்டெயிலில் கொட்டுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்குக் கொடுத்த பணம் சர்க்கரையிலும் பிட்டர்ஸிலும் மறைந்துபோகும்.

கடைசியாக, இதைக் கேட்டே ஆக வேண்டும். மேலே சொன்ன மன்ஹாட்டனில் 45 சதவீத ரை ஊற்றினால் ஏறத்தாழ 25 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பானம் என்று கணக்கிடுவது 14 கிராம். பார்க்கச் சின்ன கிளாஸ், உள்ளே கிட்டத்தட்ட இரண்டு பானம். எந்த அளவு குடித்தாலும் ஆபத்தில்லை என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டே குடிக்கிறோம். ஆகவே ரவுண்டு ரவுண்டாக ஊற்றும் பழக்கத்துக்கு இந்தப் பானங்களைப் பயன்படுத்தாதீர்கள். சாப்பாட்டோடு, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரோடு, ஒன்று. மீறினால் இரண்டு. போதும் என்கிறவரை இன்னொன்று என்று வற்புறுத்துவது உபசாரம் ஆகாது.

முதல் இரண்டு மாதம் ஓல்ட் ஃபேஷன்டும் சவரும் மட்டும் செய்யுங்கள். ஒரே அளவில், ஒரே விஸ்கியில், திரும்பத் திரும்ப. கை பழகிய பிறகு வெர்மூத் வாங்குங்கள். நண்பர்களை அழைக்கும் நாளில், ஷேக்கரைக் கையில் எடுப்பதற்கு முன்பே யார் யார் எப்படி வீடு திரும்புகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம், ஒரே ஒரு மன்ஹாட்டன் பலரை அந்த எல்லைக்கு மேலே கொண்டுபோய்விடும். சாவி வைத்திருப்பவருக்கு அதே அக்கறையோடு எலுமிச்சையும் இஞ்சிப் பாகும் சோடாவும் அளந்து கலந்து, நல்ல ஐஸ் போட்டு, அதே அழகான கிளாஸில் கொடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்